வீட்டுக்கு ஒரு நாஸ்: டிஸ்க் வாங்குவதிலிருந்து கணினியில் இணைப்பது வரை

1860 நவம்பர் 16 அன்று இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை சேர்ந்தது. அதிலும் அதற்குப் பின் வந்த கப்பல்களிலும் வந்தவர்களின் வாரிசுகள் நாம். கொள்ளுத்தாத்தாவின் ஒப்பந்த எண் எழுதிய தாளைக் குடும்பத்தில் யாரோ ஒருவர் ஸ்கேன் செய்து வைத்திருப்பார். அந்த ஸ்கேன் அவருடைய மடிக்கணினியில் மட்டும்தான் இருக்கும். ஆயாவின் கல்யாணப் படமும் அப்படித்தான், ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாக் காணொளியும் அப்படித்தான். இவற்றையெல்லாம் வீட்டுக்குள்ளேயே ஓரிடத்தில் சேர்த்து, எல்லோருடைய கணினியிலும் திறக்கிற மாதிரி வைப்பதுதான் நாஸின் வேலை. உள்ளே ஹார்டு டிஸ்க் போட்ட ஒரு சின்னப் பெட்டி அது. ரவுட்டரோடு ஒரு கேபிளில் இணைந்து இரவு பகலாக ஓடும். இதற்கு முன் கணினியைத் திறந்தே பார்க்காதவர்களும் ஒரு மாலைப்பொழுதில் இதை அமைத்துவிடலாம்.

எத்தனை டிஸ்க், எவ்வளவு இடம்

இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டியே வாங்குங்கள். ஒன்று மட்டும் போடுகிற பெட்டி விலை குறைவுதான், ஆனால் அந்த ஒன்று போனால் எல்லாம் போய்விடும். சைனாலஜி, க்யூநாப், அசஸ்டர், டெராமாஸ்டர் என்று பல நிறுவனங்களின் பெட்டிகள் கிடைக்கின்றன. முதல் தடவை அமைப்பவர்கள் எது வாங்குவது என்று கேட்டால், திரையில் தெரியும் வழிகாட்டுதல் எளிதாக இருப்பதால் நான் சைனாலஜியைச் சொல்வேன். பணம் கொடுக்கும் முன், நீங்கள் வாங்கப்போகும் டிஸ்க் அந்தப் பெட்டிக்கு ஒத்துவரும் என்று நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

இரண்டு டிஸ்கையும் ‘ரெய்டு 1’ முறையில் வைப்போம். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். அதனால் இரண்டு 4 டிபி (டெராபைட்) டிஸ்க் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 8 டிபி அல்ல, 4 டிபிதான். விண்டோஸில் அது 3.6 டிபி என்று தெரியும். விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. போனில் எடுக்கும் 4கே காணொளி ஒரு நிமிடத்துக்கு 170-லிருந்து 400 எம்பி வரை பிடிக்கும். படமும் ஆவணமும் மட்டும் என்றால் 4 டிபி தாராளம். காணொளி நிறைய இருந்தால் 8 டிபி பாருங்கள்.

டிஸ்க் தேர்வு: பெட்டியைவிட இதுதான் முக்கியம்

சாதாரண மேசைக்கணினி டிஸ்க் நாள் முழுக்க ஓடுவதற்கு என்று செய்யப்பட்டதல்ல. நாஸுக்கென்றே வரும் டிஸ்கைக் கேட்டு வாங்குங்கள்: சீகேட் அயர்ன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ், தோஷிபா என்300.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டிஸ்கில் எழுதும் முறை இரண்டு வகை. சிஎம்ஆர் வகையில் ஒவ்வொரு தடமும் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் வகையில் கூரை ஓடு வேய்ந்ததுபோல் ஒரு தடத்தின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறியிருக்கும். அதனால் குறைந்த பரப்பில் அதிகம் எழுத முடிகிறது. ஆனால் ஒன்றைத் திருத்தப் பக்கத்திலிருப்பதையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். பழுதான டிஸ்கை மாற்றும்போது இருக்கிற ஒரு டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் புதியதில் எழுத வேண்டுமே, அந்த நேரத்தில் எஸ்எம்ஆர் டிஸ்க் திணறிவிடும். 2020-ல், 2-லிருந்து 6 டிபி வரையுள்ள பல டபிள்யூடி ரெட் டிஸ்குகள் எஸ்எம்ஆர் என்பது வெளியே தெரிந்தபோது பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் வகையைப் பிரித்துக் காட்ட ‘ரெட் பிளஸ்’ என்ற பெயர் வந்தது. ஆகவே வெறும் ‘ரெட்’ மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். மாடல் எண்ணைப் பார்த்து, சிஎம்ஆர் என்று உறுதியான பிறகு வாங்குங்கள்.

இரண்டு டிஸ்கையும் வேறு வேறு கடையில் வாங்க முடிந்தால் நல்லது. ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே காலத்தில் பழுதாகிற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

மின்சாரம்

நம் ஊரில் இதை விட்டுவிட்டு நாஸைப் பற்றிப் பேசவே முடியாது. 2023-ல் லோட் ஷெடிங்கால், அதாவது முறைவைத்து நடந்த மின்வெட்டால், பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024 மார்ச்சுக்குப் பிறகு அது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் கேபிள் திருட்டு, துணை மின்நிலையப் பழுது, ஜோகன்னஸ்பர்க் பக்கம் என்றால் கோடை இடிமின்னல், இவையெல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அந்தக் கோப்பு மட்டுமல்ல, டிஸ்கின் கோப்பு அமைப்பே, அதாவது எந்தக் கோப்பு எங்கே என்று டிஸ்க் வைத்திருக்கும் ஒழுங்கே, குலைந்துபோகலாம். மின்சாரம் திரும்பி வரும்போது பாயும் அதிக மின்னழுத்தமும் அதே அளவு ஆபத்து.

ஆகவே யூஎஸ்பி துளையுள்ள யுபிஎஸ் ஒன்று, அதாவது மின்சாரம் நின்றதும் சிறிது நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி ஒன்று, வாங்குங்கள். 650 விஏ அளவே போதும். யுபிஎஸ்ஸிலிருந்து ஒரு யூஎஸ்பி கேபிளை நாஸில் சொருகி, நாஸின் அமைப்புகளில் யுபிஎஸ் என்ற பகுதியில், மின்சாரம் போய் 5 நிமிடமானால் பாதுகாப்பாக அணைந்துகொள் என்று குறித்துவிடுங்கள். மின்சாரம் வந்ததும் தானாகத் தொடங்கு என்பதையும் அங்கேயே பக்கத்தில் தேடிப் போட்டுவிடுங்கள்.

“வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே” என்பவர்களுக்கு: இன்வெர்ட்டர் மின்சாரம் கொடுக்கும், சரி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அதன் பேட்டரி தீரப்போகிறது என்று நாஸுக்குச் சொல்ல ஆளில்லை. அந்த யூஎஸ்பி கேபிளுக்காகத்தான் யுபிஎஸ் வேண்டும் என்கிறேன். அப்புறம், ரவுட்டருக்கென்று வாங்கிய 12 வோல்ட் சின்ன யுபிஎஸ்ஸில் நாஸைச் சொருகாதீர்கள். இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கும்போது கேட்கும் மின்சாரத்தை அதனால் தர முடியாது.

வெளிநாட்டிலிருந்து தருவித்த பெட்டியில் நம் மூன்று உருண்டை முள் பிளக் இருக்காது. ஆடிக்கொண்டிருக்கும் பயண அடாப்டரில் வருடக்கணக்காக ஓடவிடாமல், சரியான பிளக் உள்ள ஒயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

டிஸ்கை மாட்டுவது

பெட்டியின் தட்டை வெளியே இழுத்து, டிஸ்கை ஓரங்களில் பிடித்து வையுங்கள். அடியில் தெரியும் பச்சைப் பலகையைத் தொட வேண்டாம். சில தட்டுகளில் பக்கவாட்டுப் பட்டை ‘க்ளிக்’ என்று பிடித்துக்கொள்ளும், சிலவற்றில் நான்கு திருகு முடுக்க வேண்டும். உள்ளே தள்ளுவதற்கு முன் இரண்டு டிஸ்கின் வரிசை எண்ணையும் போனில் படம் எடுத்து, எது எந்தத் தட்டில் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்று பழுதானால் எதைக் கழற்றுவது என்ற குழப்பம் வராது.

நாஸை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி அளவுக்கு நகரும். டர்பன் ஈரப்பதத்துக்கு மூடிய அலமாரி ஆகாது. பின்பக்க விசிறிக்குக் காற்று வேண்டும்.

முதல் அமைப்பு

அதே வலையில் உள்ள கணினியின் உலாவியில் நாஸ் நிறுவனம் தரும் முகவரியைத் திறந்தால் பெட்டி தானாகத் தென்படும். மென்பொருளை நிறுவி, ரெய்டு 1 தேர்ந்தெடுங்கள். இந்த இடத்தில் டிஸ்கில் இருப்பதெல்லாம் அழியும், அதனால் பழைய டிஸ்கைப் போட்டிருந்தால் இப்போதே நிறுத்துங்கள். கோப்பு அமைப்பு கேட்டால் பிடிஆர்எஃப்எஸ் நல்லது; தவறி அழித்ததை முந்தைய நிலைக்குக் கொண்டுவர அதில் வழி இருக்கிறது. இரண்டு டிஸ்கும் ஒத்துப்போகப் பல மணி நேரம் ஆகும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம், மற்ற வேலைகளைத் தொடரலாம்.

உங்கள் பெயரில் நிர்வாகக் கணக்கு ஒன்று தொடங்கி, ‘அட்மின்’ என்ற பொதுக்கணக்கை முடக்குங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு கொடுங்கள். பழைய படங்கள் உள்ள கோப்புறையைப் பிள்ளைகளுக்குப் பார்க்க மட்டும் அனுமதியுங்கள். ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து நாஸை நேரடியாக இணையத்துக்குக் காட்ட வேண்டாம். 2022-ல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் டெட்போல்ட் என்ற பணயநிரல் அப்படித் திறந்திருந்த நாஸ்களைத் தேடித்தான் பூட்டியது.

ரவுட்டருக்குள் போய் நாஸுக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்குங்கள், 192.168.1.50 என்பதுபோல. இல்லாவிட்டால் மின்சாரம் போய் வரும்போது முகவரி மாறி, இணைப்பு அறுந்துபோகலாம்.

விண்டோஸில் ‘இந்தக் கணினி’ சாளரத்தைத் திறந்து, நெட்வொர்க் டிரைவை இணைக்கும் கட்டளையை அழுத்தி, இசட் என்ற எழுத்தைத் தேர்ந்து, \\192.168.1.50\படங்கள் என்று கொடுங்கள்; கடைசியில் இருப்பது நாஸில் உள்ள கோப்புறையின் பெயர். ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் மீண்டும் இணை என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள். மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்ட், கே விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சர்வர் முகவரி கேட்கும்.

இன்னொரு பிரதி

ரெய்டு 1 பேக்கப் ஆகாது. ஒரு படத்தை அழித்தால் அது இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். திருடன் பெட்டியோடு தூக்கிப்போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும். 2022 ஏப்ரலில் டர்பன் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எத்தனையோ வீடுகள் அப்படியே அடித்துச் செல்லப்பட்டன. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதியின் கடைசிப் பகுதி நமக்கு எவ்வளவு தேவை என்பது அப்போது தெரிந்தது.

எளிய வழி இது: நாஸின் யூஎஸ்பி துளையில் ஒரு வெளி டிஸ்கைச் சொருகி, நாஸிலேயே உள்ள பேக்கப் செயலியில் கடவுச்சொல் போட்டுப் பிரதி எடுங்கள். அந்த டிஸ்கை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் அக்கா வீட்டிலோ, மேட்டுநிலத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். இரண்டு டிஸ்க் வாங்கி, போகும்போதெல்லாம் மாற்றிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. பேக்கப்பிலிருந்து ஒரு படத்தை, ஒரு காணொளியை, ஒரு ஸ்கேன் தாளை வேறொரு கோப்புறைக்குத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். மூன்றும் சரியாகத் திறந்தால் டிஸ்கை உறையில் போட்டு, கடைசியாகப் பிரதி எடுத்த தேதியை மேலே எழுதிக் கொடுத்தனுப்புங்கள். கடவுச்சொல்லை அதே உறைக்குள் வைக்க வேண்டாம்.