தோட்டத்து வீட்டில் பென்ட்லி நிறுத்தப் போகிறீர்களா?

பழைய பென்ட்லி கான்டினென்டல் ஜிடி சொகுசுக் கார் ஒன்றை வாங்கி, மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) நடுவில் வைத்திருக்கப் போகிறீர்கள். சரி, வாங்குங்கள். கோலாலம்பூரிலிருந்து எங்கள் அண்ணன் ஓட்டி வந்ததை மூன்று வருஷமாக என் பட்டறையில்தான் பார்த்துக்கொள்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்த வண்டி ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம்.

முதலில் இன்ஜின். 2003இல் வந்தது டபிள்யூ12, அதாவது பன்னிரண்டு சிலிண்டர், 6.0 லிட்டர், இரண்டு டர்போ, 552 குதிரைத்திறன், மணிக்கு 318 கிலோமீட்டர் வரை போகும் (நம் நெடுஞ்சாலையில் 110ஐத் தாண்டினால் சம்மன் வரும், அது வேறு கதை). ஆசை அங்கேதான் போகும், ஆனால் ரோட் டெக்ஸை, அதாவது சாலை வரியைக் கணக்குப் போடுங்கள். தீபகற்ப மலேசியாவில் சொந்தப் பெயரில் இருக்கிற காருக்கு 3,000 சிசிக்கு மேல் போனால் 2,130 வெள்ளி (ரிங்கிட்), அதோடு கூடுதலான ஒவ்வொரு சிசிக்கும் 4.50. இதற்கு 5,998 சிசி, ஆக 15,621 வெள்ளி, வருஷா வருஷம். 2012இல் வந்த 4.0 லிட்டர் வி8, எட்டு சிலிண்டர் இன்ஜின், 3,993 சிசிதான், 6,598.50 வெள்ளியோடு முடிந்துவிடும். அதுவும் இல்லாமல் டபிள்யூ12இல் பன்னிரண்டு சிலிண்டரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும், சில வேலைகளுக்கு இன்ஜினையே இறக்க வேண்டிவரும், கூலி எகிறும். என்னைக் கேட்டால் வி8.

அடுத்தது பேட்டரி. பூட்டில், அதாவது பின்னால் சாமான் வைக்கிற இடத்தில், இரண்டு இருக்கும், ஒன்று ஸ்டார்ட் பண்ண, மற்றது மீதி மின்சார வேலைக்கெல்லாம். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்தால் இரண்டுமே இறங்கிவிடும், அப்போது டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்கெல்லாம் எரியும். பயந்துபோய் எதையாவது கழற்றுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பாருங்கள், நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் சார்ஜ் போடுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஓடவிடுவது வீண். வாரம் ஒருமுறை ஈப்போ வரை போய் வாருங்கள், முடியாதென்றால் பேட்டரியை நிரப்பியே வைத்திருக்கிற சின்ன சார்ஜர் ஒன்றை மாட்டி விடுங்கள்.

எலிதான் பெரிய தலைவலி. செம்பனை இருக்கிற இடத்தில் எலி இருக்கும், அதற்காகத்தானே தோட்டங்களில் கம்பம் நட்டு, பெட்டி வைத்துக் கூகை ஆந்தை வளர்க்கிறார்கள். கூகை பானட்டுக்குள் வராதே! ஒருநாள் காலையில் திறந்து பார்த்தால் இன்ஜின் மூடி ஓரத்தில் பாதி கொறித்த செம்பனைப் பழம், நார் நாராக, பக்கத்திலேயே வயர் உறை பொடிப்பொடியாக உதிர்ந்து கிடக்கிறது. அன்றிலிருந்து ராத்திரியில் பானட்டைத் திறந்து வைத்து விளக்கு ஒன்றைத் தொங்க விடுகிறேன், பொறியும் வைக்கிறேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை கையை விட்டுத் தடவியாவது பாருங்கள்.

மரத்தடியில் நிறுத்தாதீர்கள். முன் கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணீர் வடிகிற வழி இலை விழுந்து அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், அப்புறம் மின்சாரப் பெட்டிகள் போய்விடும். மாதம் ஒருமுறை இலையை அள்ளிவிட்டு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கீழே சொட்ட வேண்டும்.

ஜாக்கி வைப்பதற்கு முன் ஏர் சஸ்பென்ஷனை ஜாக்கி நிலைக்கு மாற்ற மறக்காதீர்கள். வழியில் நின்றுவிட்டால் முழுதாக மேலே ஏற்றுகிற லோரியைத்தான் கூப்பிட வேண்டும், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இது. எங்களுக்கு வந்த லோரிக்காரர் ஒருவர் முன்பக்கத்தை மட்டும் தூக்கிக் கட்டப் பார்த்தார், நான் சாவியை எடுத்து ஜோப்பில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டேன்.

கல்யாணத்துக்குக் கேட்பார்கள், கொடுங்கள். மாலையைத் துணிக்கயிற்றில் கட்டச் சொல்லுங்கள், பெயிண்டில் டேப் ஒட்ட விடாதீர்கள். சந்தனமும் மஞ்சளும் வைத்தால் வெயில் ஏறுவதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நான்கு சீட்டு என்றாலும் கதவு இரண்டுதான், பின்னால் சின்னப் பிள்ளைகள் உட்காரலாம். பட்டுச்சேலையில் எங்கள் அத்தை ஏறுவதற்கு ஐந்து நிமிஷம், இறங்குவதற்குப் பத்து நிமிஷம், முகூர்த்தமே போய்விடும் போலிருந்தது. அத்தைக்கு மைவி மாதிரிச் சின்னக் கார் அனுப்புங்கள்.