லெகோ விண்கலமா? உள்ளறையை முதலில் கட்டுங்கள்

லெகோ பொம்மைக் கற்களால் சொந்தமாக விண்கலம் வடிவமைக்கும் பலர் வெளிக்கூட்டை அழகாக முடித்துவிட்டுத்தான் உள்ளே இடம் தேடுவார்கள். திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் நானும் மருமகனும் அப்படித்தான் தொடங்கினோம். விமானி இருக்கையில் பொம்மையை வைத்தால் கூரை மூடவில்லை. முழுவதையும் கழற்றினோம், பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் தரையிலிருந்து தொடங்கினோம். லெகோ பொம்மையின் உயரம் சுமார் 4 செ.மீ. ஒரு கல்லின் உயரம் 9.6 மி.மீ. ஆகவே உள்ளே 5 கல் உயரம் விட்டால் தலைக்கவசத்தோடும் நிற்கும். நடைபாதைக்கு 4 குமிழ் (கல்லின் மேலுள்ள வட்டப் புடைப்பு) அகலம், அதாவது 32 மி.மீ. விடுங்கள், இரண்டு விரல் உள்ளே போகவேண்டுமே! படுக்கை, சமையல் மேடை, கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் வைத்த பிறகே சுவரை எழுப்புங்கள்.

கூரைதான் முக்கியம். சுவரின் மேல்விளிம்பு முழுக்க குமிழில்லாத வழவழப்பான டைல்களைப் பதித்து, மூலைகளில் மட்டும் நாலு குமிழ் விடுங்கள். கூரை உறுதியாக உட்காரும், உள்ளே பார்க்க ஆசைப்பட்டால் சுவர் பெயராமல் அப்படியே தூக்கலாம்.

கற்கள் குறைவா? பிரிக்லிங்க் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் முதலில் கட்டிப் பாருங்கள்.