ஆபீஸ் நேரத்தில் வரும் ‘தண்ணி ஏறல சார்’ போன்

வாடகைக்கு விட்ட வீட்டின் அரை எச்.பி. மோனோபிளாக் மோட்டார், சாயங்காலம் பிரைமிங் தண்ணீர் ஊற்றி உள்ளே நிரப்பினால் ஏற்றும். மறுநாள் காலை வெறுமனே சுற்றும். எலக்ட்ரீஷியன் கெப்பாசிட்டர் மாற்றினார். அது போயிருந்தால் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றிருக்கும், சுற்றியே இருக்காது. பிளம்பர் புது ஃபுட் வால்வு போட்டார்; உறிஞ்சு குழாயின் அடியில் இருந்து, தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது அது. வாரக் கடைசியில் மறுபடி அதே போன்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை நிறுத்தி, பிரைமிங் மூடியைத் திறந்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வைத்தேன். பத்து நிமிடத்தில் மட்டம் சரசரவென இறங்கிவிட்டது. வெளியே எந்த ஜாயின்ட்டிலும் ஈரமில்லை. அப்படியானால் ஒழுகுவது புது வால்வுதான். கழற்றினால் நாக்குக்கு அடியில் லாரித் தண்ணீரோடு வந்த பொடி மணல். வால்வு சம்ப் தரையிலேயே உட்கார்ந்திருந்தது. குழாயை அரையடி வெட்டி, வால்வை மேலே தூக்கிப் பொருத்தி, சம்ப்பைக் கழுவியதும் சரியானது. மீட்டிங்கில் நிம்மதி. ஆனால் வால்வு உயர்ந்ததால் அடியில் அரையடித் தண்ணீர் எப்போதும் நிற்கும். அடுத்த முறை கழுவும்போது வாளியால்தான் மொள்ள வேண்டும்.