வயதான நாய்க்கு மூட்டுவலி: மாத்திரை கொடுக்கப் பயமா? இப்படித் தொடங்குங்கள்

எங்கள் லாப்ரடார் மணிக்கு 11 வயது முடிந்த சமயம். காலையில் எழும்போது முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் பின்பக்கத்தை இழுத்துத் தூக்குவான். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். பிறகு டாக்டர் எக்ஸ்ரேயில் தேய்ந்துபோன இடுப்பு மூட்டைக் காட்டி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கிட்னி போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் அதைப் பீரோவிலேயே ஒரு மாதம் வைத்திருந்தேன். அந்த ஒரு மாதமும் அவன் வலியோடுதான் படுத்துக் கிடந்தான் என்பது இன்றைக்கும் மனதை அறுக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பயப்படுவது தப்பில்லை. இந்த மாத்திரைகள் வயிறு, சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பாதிக்கக்கூடியவைதான். ஆனால் வலியை அப்படியே விட்டாலும் சேதம் உண்டு: நாய் நடக்காது, தொடைச் சதை கரையும், எடை ஏறும், அந்த எடை மறுபடி மூட்டின் மேலேயே உட்காரும்.

1. முதலில் வலியைப் பாருங்கள்

நாய் வலிக்கு அழாது. படியில் ஏறத் தயங்கும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும், படுத்து எழுந்ததும் விறைப்பாக நடந்து பத்தடி போனபின் சரியாகும். இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக்குக்குப் போனதும் பரபரப்பில் நன்றாகவே நடந்து காட்டும், டாக்டர் கண்ணில் எதுவும் படாது. நாங்கள் சமையலறை மாத காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே, தினமும் பூஜ்யத்திலிருந்து 10 வரை ஒரு எண் போட்டோம். எழச் சிரமப்படாத நாள் 2, வாசல்வரைகூட வராத நாள் 8.

2. மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை

பயத்துக்கு உண்மையான பதில் இதுதான். கிரியேட்டினின், யூரியா (இரண்டும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுபவை), கல்லீரல் என்சைம்கள், ரத்த அணுக்கள் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று தொடங்குமுன்னே பார்த்துவிடச் சொல்லுங்கள். தொடங்கி 2 முதல் 4 வாரத்தில் ஒருமுறை, அப்புறம் வயதான நாய்க்கு 6 மாதத்துக்கு ஒருமுறை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறோ வேறு மருந்தோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிற நாய்க்கு இந்த வலி மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரும் அபாயம் அதிகம்.

3. நம் வீட்டு மாத்திரை டப்பாவைத் தொடாதீர்கள்

நாய்க்கு வலி மாத்திரை கொடுத்து ஆபத்தாகிவிட்டது என்று கேள்விப்படுகிற கதைகளைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள், பலவற்றில் கொடுத்தது மனிதருக்கான மாத்திரையாக இருக்கும். டைக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென் இரண்டும் நாய்க்கு மிக ஆபத்து, பாராசிட்டமாலும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. நாயின் முழங்காலில் வலி ஜெல் தடவினால்கூட, நாய் அதை நக்கி உள்ளே போய்விடும். கார்ப்ரோஃபென், மெலோக்சிகாம், ஃபிரோகாக்சிப் போன்றவை நாய்களுக்கென்றே தயாரித்துக் கொடுக்கப்படுகின்றன, அளவும் நாயின் எடைக்குத்தான். அதனால் தோராயமாகச் சொல்லாமல், நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, உங்கள் எடையைக் கழித்துச் சரியான எடையைச் சொல்லுங்கள்.

4. முதல் இரண்டு வாரம் கண்ணில் எண்ணெய் விட்டுப் பாருங்கள்

சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். ஒருவேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். தினமும் மலத்தைப் பாருங்கள், தார் போலக் கறுப்பாக இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், மஞ்சள் தட்டினாலோ வெளுத்திருந்தாலோ சும்மா விடக்கூடாது. வாந்தி, பேதி, சாப்பாட்டை ஒதுக்குவது, வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

மணிக்கு மூன்றாம் நாள் சாயங்காலம், நான் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டு அவனாகவே எழுந்து கேட்டுக்கு வந்து நின்றான். காலண்டரில் அன்று 3 என்று போட்டபோது என் கை நடுங்கியது.

5. மாத்திரையைக் குறைக்க உதவும் வேலைகள்

இதில் முதலிடம் எடைக்குத்தான். உடல் எடையில் 6 சதவீதம் குறைந்தாலே நொண்டல் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 38 கிலோ நாய்க்கு அது இரண்டரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவுதான். பிஸ்கட், டீயில் நனைத்த ரஸ்க், ஆளாளுக்குப் போடும் ஒரு கை சோறு, இதை நிறுத்த வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தது. அம்மாதான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, அவருக்கு வெள்ளரித் துண்டு கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தோம்.

அடுத்து தரை. டைல்ஸிலும் மொசைக்கிலும் பின்னங்கால் வழுக்குவதுதான் அவனுக்குப் பெரிய கஷ்டம். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை ரப்பர் மேட் விரித்தோம், பாதத்துக்கு இடையே வளர்ந்த முடியையும் நீண்ட நகத்தையும் வெட்டினோம், படுக்கைக்குத் தடிமனான மெத்தை போட்டோம்.

நடை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம், 10, 15 நிமிடமாக இரண்டு மூன்று வேளை போதும், அதுவும் ரோடு சூடாவதற்கு முன். விறைப்பான நாளில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுக்கலாம், சூட்டை உங்கள் மணிக்கட்டில் முதலில் பாருங்கள்.

மீன் எண்ணெய் சில நாய்களுக்குப் பலன் தருகிறது, அளவை டாக்டரிடம் கேளுங்கள். குளுக்கோசமைனுக்கு நான் பெரிதாக நம்பிக்கை வைக்க மாட்டேன், ஆதாரம் பலவீனம். மஞ்சளும் மாத்திரைக்கு மாற்று ஆகாது.

6. குறைப்பது எப்படி

எடை இறங்கி, காலண்டர் எண்கள் சில வாரம் 2, 3 என்றே நின்றால், அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகப் பாதி மாத்திரை உடைக்காதீர்கள். குறைத்தபின் எண் மறுபடி 5, 6 என்று ஏறினால் பழைய அளவு தேவைப்படுகிறது என்று புரிந்துகொள்ளலாம். அந்தக் காலண்டர் தாள்களையும் வீடியோவையும் கையோடு எடுத்துப் போங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியை, ரிப்போர்ட் வாங்கிய அன்றைக்கே, அதே காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள்.