உதவித்தொகையில் விடுதிச் செலவைச் சமாளிப்பது எப்படி?

கல்லூரி திறந்த மாதமே மெஸ் பில் வர ஆரம்பித்துவிடும். ஆண்டு உதவித்தொகையோ பெரும்பாலும் கல்வியாண்டின் பிற்பாதியில்தான் வங்கிக்கு வந்து சேரும். முதலாண்டு மாணவர்களைத் திணறடிப்பது இந்த இடைவெளிதான். தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து வழியைச் சொல்கிறோம்.

படி 1: மாதப் பணம், ஆண்டுப் பணம் என்று பிரியுங்கள்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு.

பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையில் கல்விப்படி ஆண்டுக்கு ஒருமுறை வரும். குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். விடுதியில் தங்குவோருக்குப் பொறியியல், மருத்துவம் என்றால் 13,500, பி.ஏ., பி.எஸ்சி. என்றால் 6,000; வீட்டிலிருந்து வந்துபோவோருக்கு முறையே 7,000, 3,000. விண்ணப்பத்தில் 'விடுதி' என்பதற்குப் பதிலாக 'டே ஸ்காலர்' என்று தவறுதலாகக் குறித்தால், பாதித் தொகை அங்கேயே போய்விடும்.

படி 2: பத்து மாதக் கணக்கு

அரசுப் பள்ளியில் படித்துப் பொறியியல் சேர்ந்து, விடுதியில் தங்கும் பட்டியலின மாணவி ஒருவருக்குப் புதுமைப்பெண் 12,000 + போஸ்ட் மெட்ரிக் 13,500 = 25,500. மெஸ் பில் மாதம் 3,200 என்றால் பத்து மாதத்துக்கு 32,000. சோப்பு, ஜெராக்ஸ், பஸ் எல்லாம் மாதம் 600 என்றால் இன்னொரு 6,000. துண்டு விழுவது 12,500. இந்தப் பள்ளத்தை அடைக்கச் சிறந்த வழி, தங்குமிடமும் சாப்பாடும் இலவசமான அரசு நல விடுதிக்கு முதலிலேயே விண்ணப்பிப்பது. தனியார் விடுதிக்கு அட்வான்ஸ் கட்டிய பிறகு விசாரிக்காதீர்கள்.

படி 3: ஆதார் சீடிங்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்திருப்பீர்கள். அது கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு மட்டுமே. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் நிறுவனம்) பதிவேட்டில் இணைப்பதுதான் சீடிங். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் அதில் இருக்கும். கடைசியாக இணைத்ததே செல்லும். ஊரில் ஒரு கணக்கு, கல்லூரி வளாகத்தில் இன்னொன்று என்று வைத்திருப்பவர்கள் பழைய பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, பணம் புதிய கணக்கில் கிடக்கும்.

மைஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து உள்ளே போய், வங்கி சீடிங் நிலையைப் பாருங்கள். வங்கிப் பெயர் சரியாக இருந்து, பக்கத்தில் 'ஆக்டிவ்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் வங்கிக் கிளையில் 'டிபிடி (நேரடிப் பணப் பரிமாற்றம்) சீடிங் படிவம்' என்று கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால் என்றிருந்தாலும் விண்ணப்பம் சிக்கலாம். அதையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

படி 4: பணம் வரும்வரை

விடுதி அலுவலகத்தில் விண்ணப்ப ஒப்புகைச் சீட்டின் நகலை இணைத்து, அவகாசம் கேட்டு எழுதிக் கொடுங்கள். வாயால் மட்டும் கேட்டால் அடுத்த மாதம் யாருக்கும் நினைவிருக்காது. டிவைடிங் சிஸ்டம் (மொத்தச் செலவைச் சாப்பிட்ட நாட்களுக்கு ஏற்பப் பகிரும் முறை) உள்ள மெஸ்ஸில் ஊருக்குப் போகும் நாட்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் பில் குறையும். கடன் செயலிகள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். உதவித்தொகை வருவதற்குள் வட்டி அதை விழுங்கிவிடும்.

படி 5: பணம் வந்த அன்று

போஸ்ட் மெட்ரிக் தொகையில் கல்லூரிக் கட்டணமும் சேர்ந்து வரலாம். அந்தப் பங்கு உங்களுடையதல்ல. 'கணக்கில் பெரிய தொகை வந்திருக்கிறது' என்று போன் வாங்கிவிட்டால், பிறகு கட்டண பாக்கிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முதலில் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள், அடுத்து மெஸ் பாக்கி. மிஞ்சுவதை அடுத்த ஆண்டின் முதல் மூன்று மாத மெஸ்ஸுக்கென்று அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவையுங்கள். சீடிங் மட்டும் பழைய வங்கியிலேயே இருக்கட்டும்.

படி 6: புதுப்பித்தல்

உதவித்தொகையை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு (இளநிலையில் முதல் மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 12,000) 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் தேவை. அதை வாங்குவோர் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது. எது அதிகம் தரும் என்று கூட்டிப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள்.