யூ கிளாம்ப்பைத் திருப்பிப் போட்டதும் நின்ற தொய்வு

மாடியில் நிழல் வலையை இழுத்துப் பிடிக்கும் 6 மி.மீ. கம்பிக் கயிறு, கொஞ்சம் காற்றடித்தாலே தளர்ந்துவிடும். கயிற்றை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை எவ்வளவு முறுக்கினாலும் மறுபடி தொய்வுதான். கோளாறு இருந்தது, மடித்த கயிற்று முனையைக் கயிற்றோடு சேர்த்துப் பிடிக்கும் யூ கிளாம்ப்பில். முன்பு மாட்டியவர் அதைத் தலைகீழாகப் போட்டிருந்தார். யூ போல்ட்டின் வளைவு, பாரம் தாங்கும் கயிற்றின் மேல் உட்கார்ந்து அதை நசுக்கியிருந்தது. நகத்தால் தடவினாலே பள்ளம் தெரிந்தது, சில இழைகள் அறுந்தும் இருந்தன.

அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, கயிற்றை மடித்துப் போட்ட புது வளையத்துக்குள் திம்பிள் என்ற உலோகக் காப்பை வைத்தேன். திம்பிளை யாரும் தவிர்க்காதீர்கள். அது இல்லாவிட்டால் கொக்கியில் கயிறு மடிந்து அங்கேயே தேயும். கிளாம்ப்பின் பள்ளம் வெட்டிய அடிப்பாகமான ‘சேடில்’, பாரம் தாங்கும் கயிற்றில்; யூ வளைவு மடித்துவிட்ட வால் பக்கத்தில். இப்போது போட்ட மூன்று கிளாம்ப்பும் ஒரே திசையில்தான். இடைவெளி கயிற்று விட்டத்தின் 6 மடங்கு, அதாவது சுமார் 36 மி.மீ. முதல் கிளாம்ப் வாலின் நுனியருகே, இன்னொன்று திம்பிளை ஒட்டி, மூன்றாவது நடுவில்.

நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கினேன். பாரம் ஏறியதும் கயிறு சற்று மெலியும், பிடி தளரும். அதனால் வலையை இழுத்துக் கட்டிய பிறகு நட்டுகளை மீண்டும் இறுக்கினேன். அதன்பின் தொய்வே இல்லை.