அந்துப்பூச்சியின் குடும்பம்: இறக்கையை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்

பினாங்கில் விடிய விடிய எரியும் விளக்குகளுக்குக் குறைவில்லை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிச் சுவரிலோ கொடிமலை ரயில் நிலையத்திலோ ஓர் அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தால், மேலிருந்து ஒரு படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு 'இது என்ன?' என்று கேட்கிறோம். படத்தில் இறக்கை அழகாக விழுந்திருக்கும். தலையும் வாயும் வயிற்றின் அடிப்பக்கமும் தெரியாது. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

லிசா சாம்பா என்ற அந்துப்பூச்சியையே எடுத்துக்கொள்வோம். கரும்பழுப்பு இறக்கை, குறுக்கே வெளிறிய பட்டை, பின்னால் வால். வாலைப் பார்த்ததும் பலர் வண்ணத்துப்பூச்சி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குமிழாகத் தடித்திருக்கும். இதற்கோ நூல்போல மெலிந்தே முடியும். யுரானிடே குடும்பத்து அந்துப்பூச்சி இது.

அடுத்த தவறு, உணர்கொம்பு இறகுபோல விரிந்திருந்தால் அட்லஸ் பூச்சியின் சாட்டர்னிடே குடும்பம்தான் என்று நினைப்பது. இந்த இறகு பல குடும்பங்களில் ஆண்களுக்கு உண்டு. பெண்ணின் வாசனையைப் பிடிக்கத்தான். அதே இனத்துப் பெண்ணுக்கு மெல்லிய கொம்பே இருக்கலாம். வாயையும் பாருங்கள்: சாட்டர்னிடேயில் உறிஞ்சுகுழல் சுருங்கிப்போயிருக்கும், வளர்ந்த பூச்சி எதுவும் சாப்பிடுவதில்லை.

நிறையப் பேர் தடுமாறுவது பைரலிடே, கிராம்பிடே ஆகிய இரண்டு குடும்பங்களிலும்தான். அரிசி டப்பாவில் வரும் சாம்பல் நிறப் பூச்சி பைரலிடே; செபராங் பிறை வயல்களில் நெல்லைத் துளைக்கும் குருத்துப்பூச்சி கிராம்பிடே. முகத்துக்கு முன்னால் நீண்ட 'மூக்கு' (உண்மையில் வாயோரத்து உணர்விரல்கள்) இருந்தால் இந்தக் கூட்டம் என்பார்கள். ஆனால் அரிசிப் பூச்சியில் பெண்ணுக்கே அது நீளம், ஆணுக்குக் குட்டை. ஆணை மட்டும் பார்த்தவர் வேறு குடும்பத்தில் தேடிக்கொண்டிருப்பார்! உறுதியான அடையாளம் காதில், அதாவது ஒலியை உணரும் மெல்லிய சவ்வுள்ள உறுப்பில், இருக்கிறது. இரண்டுக்கும் காது வயிற்றின் தொடக்கத்தில், அடிப்பக்கம். இரு காதுகளுக்கும் நடுவே சிறு மடல் நீட்டிக்கொண்டிருந்தால் கிராம்பிடே, இல்லையென்றால் பைரலிடே. லென்ஸ் இல்லாமல் இதைப் பார்க்க முடியாது. செத்துக் கிடக்கும் பூச்சியை மல்லாத்திப் பார்ப்பதே வசதி.

காது வயிற்றில் இல்லாமல் மார்பின் பின்பகுதியில் இருந்தால், அது எரெபிடே, நாக்டுயிடே கூட்டம். இவற்றைப் பிரிக்கப் பின் இறக்கை நரம்பைப் பார்க்க வேண்டும். துளி ஆல்கஹால் விட்டால் செதில்களுக்கு அடியில் நரம்பு சற்று நேரம் தெரியும். பழைய நூல்களில் ஆர்க்டிடே, லைமான்ட்ரிடே என்று தனிக் குடும்பங்கள் இருந்தால் குழம்பாதீர்கள், இப்போது இரண்டும் எரெபிடேக்குள் வந்துவிட்டன.